டேப்லெட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு நடை

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்களுடையது பழைய காலத்து வீடு. விடுமுறைக்கு வந்த மகன், அமெரிக்காவில் வாங்கிய புது டேப்லெட் ஒன்றைக் கொடுத்திருக்கிறான். ரூட்டர் முகப்பில் இருக்கிறது. வளவு முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பேசினால் என் பழைய கைப்பேசியில் முகம் தெளிவாகத் தெரிகிறது. டேப்லெட்டில் இரண்டு மூன்று சிக்னல் கோடு காட்டியும் படம் உறைந்துவிடுகிறது. மின்சாரம் போய் வந்த சில நாட்களில் டேப்லெட்டில் எங்கள் வைஃபையின் பெயரே வருவதில்லை. மகன் பத்து நாளில் கிளம்புகிறான். அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா, அல்லது சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கலாமா?

பதில்: ஆச்சி, டேப்லெட்டை இப்போதே பெட்டியில் போட்டுக் கட்டிவிடாதீர்கள். ரிப்பீட்டருக்கும் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் வீட்டின் சங்கதி ஒன்று, டேப்லெட்டின் சங்கதி ஒன்று, ரூட்டரின் சங்கதி ஒன்று எனக் கலந்து கிடக்கிறது. காரைக்குடியைச் சுற்றிப் பல ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனவர்கள் வீட்டு அலமாரியில் பயன்படாத ரிப்பீட்டர் ஒன்றாவது தூங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் அந்தக் கோடுகள். எல்லோரையும் ஏமாற்றுவது அவைதான். ரூட்டர் பேசுவது டேப்லெட்டின் காதில் எவ்வளவு விழுகிறது என்பதை மட்டுமே அவை காட்டும். டேப்லெட் பேசுவது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. கல்யாண வீட்டில் முகப்பில் ஒலிபெருக்கி கட்டினால் அடுப்படியில் இருப்பவருக்கும் அறிவிப்பு கேட்கும். அவர் அங்கிருந்தே பதில் குரல் கொடுத்தால் முகப்பில் ஒருவருக்கும் கேட்காது. ரூட்டர் சுவரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு உரக்கப் பேசுகிறது. டேப்லெட் மின்கலத்தைக் காப்பாற்றிக்கொள்ள மெல்லப் பேசுகிறது. வைஃபையில் அனுப்பியது வந்து சேர்ந்தது என்று மறுமுனையிலிருந்து பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் கேட்காவிட்டால் ரூட்டர் அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கோடு இருந்தும் படம் உறைவதற்கு இது ஒரு காரணம். ரூட்டரின் ஆற்றலைக் கூட்டிவைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் புன்னகைத்து அனுப்பிவிடுங்கள். கோடு கூடும், பேச்சு கூடாது.

கோட்டுக்குப் பதிலாக எண்ணைப் பார்க்க வேண்டும். சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு சொல்வார்கள். பூஜ்யத்திலிருந்து விலக விலக மோசம். மைனஸ் 40 என்றால் ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மைனஸ் 67 வரை வீடியோ பேச்சு பெரும்பாலும் தடுமாறாது. 75ஐத் தாண்டினால் இழுபறி. 85க்கு மேல் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. இதில் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எண் 10 கூடினால் வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள், 20 கூடினால் நூறில் ஒரு பங்கு. 55க்கும் 75க்கும் இருப்பது சின்ன வித்தியாசம் அல்ல.

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை வேலை செய்ய இருப்பிட அனுமதியைத் திறந்துவிட வேண்டும். ஐபேட் என்றால் ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி செயலியை நிறுவி, அமைப்புகளில் அதற்குரிய பகுதிக்குப் போய் வைஃபை ஸ்கேனரை இயக்கிவிட்டால் எண் தெரியும். மகன் இருக்கும்போதே செய்துவிடுங்கள். செயலிகள் உடனுக்குடன் எண்ணை மாற்றுவதில்லை என்பதால் ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

தேவகோட்டையில் ஒரு வீட்டில் அண்மையில் இப்படி நடந்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டைப் போலவே ரூட்டர் முகப்பில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். கையில் புது டேப்லெட், 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு (அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்). முகப்பில் மைனஸ் 41. முகப்பை அடுத்த பட்டாலைக் கூடத்தில் 56. வளவு முற்றத்தின் ஓரத்தில் 60. வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்றுக்குள் நுழைந்து கட்டிலில் உட்கார்ந்ததும் 79. வெளியே வந்து இரண்டாங்கட்டுக்குப் போனேன். நிலைவாசலுக்கு நேரே நின்றால் 66, அங்கிருந்து நான்கடி பக்கவாட்டில் நகர்ந்தால் 80. ஆறப்போட்ட வற்றலை ஓரம் தள்ளிவிட்டு அந்த நான்கடியை நாலைந்து முறை நடந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே கதைதான். பிறகு நிலைக்கதவைச் சாத்திப் பார்த்தோம். அவ்வளவு கனமான தேக்குக் கதவால் மோசமானது மூன்று எண் மட்டும்.

ஆகத் தடுப்பது காய்ந்த மரம் அல்ல, சுவர். வெயில் உள்ளே வராமலிருக்க ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர் வெயிலைத் தடுப்பது போலவே வைஃபையையும் தடுக்கிறது. ஆனால் இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தெரியாமலேயே நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறார்கள். முகப்பு வாசலில் நின்றால் நிலைக்குள் நிலையாகப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண்ணுக்குத் தெரியும். ரூட்டரை அந்தக் கோட்டில் வைத்தால் அலை சுவரை முட்டாமல் வாசல் வழியாகவே உள்ளே போகிறது. தேவகோட்டை வீட்டில் ரூட்டரை மீட்டர் பெட்டியிலிருந்து எடுத்து, முகப்பிலிருந்து வளவுக்குள் போகும் நிலைக்கு எதிரே, ஆள் உயரத்தில் வைத்தோம். சுமார் ஆறடி தூரம்தான் நகர்த்தியது. இரண்டாங்கட்டில் 66 என்பது 58 ஆனது. நான்கடி பக்கவாட்டிலும் 80 என்பது 72க்கு வந்தது. செலவு, ஒரு நீட்டிப்பு வயர்.

ரூட்டர் வைக்கும் இடத்தில் இரும்பும் கண்ணாடியும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். அந்தக் காலத்து பெல்ஜியம் கண்ணாடி ஆளுயரத்துக்கு இருக்கும். அதன் பின்னால் ரூட்டரை ஒளித்துவைத்தால் அது ஒரு தகரத் தட்டிதான். இரும்புப்பெட்டி, சீர்வரிசைப் பாத்திரங்கள் அடுக்கிய அறை, தண்ணீர் நிரம்பிய அண்டா எல்லாம் அப்படியே. பார்க்க அழகாக இல்லை என்று ரூட்டரை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய வீட்டையும் பார்த்திருக்கிறேன். திருடனுக்குப் பயந்தார்களாம்.

இனி உங்கள் கேள்வியின் நெஞ்சுக்கு வருகிறேன். பழைய கைப்பேசியில் தெளிவு, புது டேப்லெட்டில் தடுமாற்றம். இதைக் கேட்டதும் டேப்லெட் பழுது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பல வீடுகளில் டேப்லெட் புதிதாக இருப்பதுதான் காரணம். இப்போதைய ரூட்டர்கள் ஒரே பெயரில் இரண்டு அலைவரிசைகளை வைத்திருக்கின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பின்னதற்கு அதில் பாதிகூட இல்லை. 2.4 வேகம் குறைந்தது, ஆனால் சுவரைத் தாண்டும். 5 வேகமானது, ஆனால் சுவரில் சோர்ந்துபோகும். உங்கள் பழைய கைப்பேசிக்கு 2.4 மட்டுமே தெரிந்திருக்கக்கூடும். வேறு வழி இல்லாததால் அது சரியான வழியில் போகிறது. டேப்லெட்டுக்கு இரண்டும் தெரியும். முகப்பில் பெட்டியைப் பிரித்து இணைத்தபோது வேகமான 5ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாங்கட்டுக்கு வந்த பிறகும் விடுவதில்லை. ஐபேட், ஐபோன் போன்ற ஆப்பிள் கருவிகள் சிக்னல் மைனஸ் 70ஐவிட மோசமானால்தான் வேறு இணைப்பைத் தேடத் தொடங்குகின்றன. 68இல் தத்தளித்தாலும் கையை விடாது.

இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். சில ரூட்டர்களில் இரண்டையும் ஒன்றாக்கும் வசதியை முதலில் அணைக்க வேண்டியிருக்கும். டேப்லெட்டில் பழைய பெயரை மறக்கச் செய்துவிட்டு, 2.4 பெயரில் மட்டும் சேருங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். முகம் பார்த்துப் பேச ஒரு நொடிக்கு இரண்டு மூன்று மெகாபிட் சீராக வந்தால் போதும், 2.4 அதைத் தாராளமாகத் தரும்.

இணையத்தில் தேடினால் எல்லோரும் 5க்கு மாறுங்கள் என்றுதான் சொல்வார்கள். சென்னையில் அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டு ரூட்டர்கள் இருபதோடு மல்லுக்கட்டுபவருக்கு அது சரியான யோசனை. பள்ளத்தூரில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உங்கள் செயலியில் அக்கம்பக்கத்து வைஃபை இரண்டு மூன்று தெரிந்தால் அதிகம். நெரிசலே இல்லாத ஊரில் 2.4ஐ விட்டு ஓட வேண்டிய தேவை இல்லை.

டேப்லெட்டின் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கும் ஆன்டெனா விரலளவு தகடுதான். விலை குறைந்த டேப்லெட்டுகளில் ஒன்று மட்டும் இருக்கும், நல்லவற்றில் இரண்டு. பின்புறம் முழுக்க உலோகம் என்றால் அலை உள்ளே போக எங்காவது பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தாக வேண்டும். 2010இல் வந்த முதல் ஐபேடில் சிம் போடும் வகைக்கு மட்டும் பின்புற மேல்விளிம்பில் கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது; அது அழகுக்காக வைத்ததல்ல. 2011 இறுதியில் ஏசஸ் நிறுவனம் முழு அலுமினிய முதுகோடு டிரான்ஸ்ஃபார்மர் பிரைம் என்ற டேப்லெட்டைக் கொண்டுவந்தது. அதன் ஜிபிஎஸ் சரியாக எடுக்கவில்லை என்று புகார்கள் குவிந்ததும், வெளியே மாட்டிக்கொள்ளும் துணைக்கருவி ஒன்றை இலவசமாகவே கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் டேப்லெட்டின் ஜன்னல் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கை அதை மூடினால் எண் மோசமாகும். படுக்கை வாட்டத்திலிருந்து நிமிர்த்திப் பிடித்தாலே நாலைந்து எண் மாறுவதைப் பார்க்கலாம். உலோகத் தகடு வைத்த உறை, விசைப்பலகை உறை எதுவானாலும் சோதிக்கும்போது கழற்றிவிடுங்கள்.

பழுதா இல்லையா என்று தீர்மானிக்க ஒரே ஒரு சோதனை போதும். முகப்பில், ரூட்டரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஒரு நாற்காலி போடுங்கள். உறையில்லாத டேப்லெட்டையும் கைப்பேசியையும் அதே நாற்காலியில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அலைவரிசையில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2.4இல் இருக்க வேண்டும் என்பது முக்கியம். டேப்லெட் நல்ல நிலையில் இருந்தால் மைனஸ் 35க்கும் 45க்கும் இடையில் காட்டும். கைப்பேசியைவிட ஐந்தாறு எண் மோசம் என்றால் கவலை வேண்டாம். கருவிக்குக் கருவி அவ்வளவு வேறுபடும். ரூட்டருக்கு எதிரிலேயே 60, 65 என்று காட்டினாலோ, கைப்பேசியைவிட 15க்கு மேல் பின்தங்கினாலோ உள்ளே ஆன்டெனா வயர் கழன்றிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அப்படியானால் யோசிக்காமல் மகனிடம் கொடுத்தனுப்புங்கள். அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே உத்தரவாதம் கேட்டு அலைவது பெரும்பாடு. திருப்பிக் கொடுக்கும் கெடு என்றைக்கு முடிகிறது என்பதை ரசீதில் இன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

படம் உறைகிறதா என்பதை மட்டும் முதல் நாளை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். புது டேப்லெட் பெட்டியிலிருந்து வெளியே வந்த முதல் நாளில் புதுப்பிப்புகளையும் பழைய படங்களையும் பின்னால் இருந்து இறக்கிக்கொண்டே இருக்கும். அதுவே இணைப்பை அடைத்துக்கொள்ளும். எல்லாம் இறங்கி முடியட்டும், ஒரு முறை அணைத்துத் திறங்கள்.

அடுத்து, மின்சாரம் போய் வந்தால் பெயர் மறைவது. நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், ஏனென்றால் குற்றவாளி தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறான். ஓர் அலைவரிசைக்குள் பிரித்து வைத்திருக்கும் தடங்களைச் சேனல் என்பார்கள். 2.4இல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 11 வரைதான். அந்த நாட்டுக்கென்று அமைத்து விற்கும் சில கருவிகள் 12, 13 ஆகியவற்றை எட்டிப் பார்ப்பதே இல்லை. உங்கள் ரூட்டர் தானியங்கி முறையில் இருக்கும். மின்சாரம் வந்து திறக்கும்போதெல்லாம் தனக்குப் பிடித்த சேனலைத் தேர்ந்தெடுக்கும். அது 6 ஆக அமைந்த நாளில் டேப்லெட் வேலை செய்கிறது. 13 ஆக அமைந்த நாளில், 5 எட்டாத இடத்தில் உங்கள் கைப்பேசிக்குத் தெரிகிற வைஃபை டேப்லெட்டுக்குத் தெரிவதில்லை. ரூட்டரில் தானியங்கியை நிறுத்திவிட்டு 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். ஒன்றன்மீது ஒன்று ஏறாத சேனல்கள் அவை.

5 கிகாஹெர்ட்ஸில் வேறொரு தாமதமும் உண்டு. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ராடாரோடு பகிர்ந்துகொள்வதால், ரூட்டர் திறந்ததும் ஒரு நிமிடம் ராடார் அலை வருகிறதா என்று காத்திருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். அந்த ஒரு நிமிடத்தில் பெயர் வரவில்லை என்று ரூட்டரை மறுபடி அணைத்துத் திறந்தால் காத்திருப்பும் மறுபடி முதலிலிருந்து. 36 முதல் 48க்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ரூட்டரையும், இணைய வயர் வந்து சேரும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டால் இன்னும் நிம்மதி.

இதெல்லாம் செய்தும் இரண்டாங்கட்டில் 75க்கு மேலேயே நிற்கிறது என்றால்தான் புதிதாக ஏதாவது வாங்குவது பற்றிப் பேச வேண்டும். அப்போதும் ரிப்பீட்டர் கடைசித் தேர்வு. கண்டனூரில் ஒரு வீட்டில் சிக்னல் எங்கே இல்லையோ அங்கேயே, அடுப்படிச் சுவரில் ரிப்பீட்டரை மாட்டியிருந்தார்கள். டேப்லெட்டில் எல்லாக் கோடுகளும் நிரம்பி வழிந்தன. படம் மட்டும் வரவில்லை. கோடு காட்டியது ரிப்பீட்டருக்கும் டேப்லெட்டுக்கும் இடையே உள்ள மூன்றடியை. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே இரண்டு சுவர்கள் அப்படியே இருந்தன. கிணற்றில் நீர் இல்லாதபோது அகலமான வாளி வாங்கிய கதை. ரிப்பீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்றால் சிக்னல் இன்னும் 60, 65இல் இருக்கும் இடத்தில், அதாவது வளவில், வாசல்களின் கோட்டில் வையுங்கள். அப்போதும் பல ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் பாதியாகும்.

நான் செய்யச் சொல்வது இதுதான்: ஃபைபர் வயரையே உள்ளே கொண்டுவாருங்கள். இணைப்பு கொடுக்க வந்தவர் ஏணியை ஒரே இடத்தில் வைத்து வேலையை முடிக்க விரும்பியதால்தான் பெட்டி முகப்பில் உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய அந்த வயர் வளவு வரை வருவதில் ஒரு சிரமமும் இல்லை. கூர்மையாக மடக்காமல் கொண்டுவர வேண்டும், அவ்வளவே. ரூட்டர் வளவுக்கு வந்துவிட்டால் ஒரு பக்கம் முகப்பும் மறுபக்கம் இரண்டாங்கட்டும் ஒவ்வொரு சுவர்த் தூரத்தில் வந்துவிடும்.

அதற்கு வழியில்லை என்றால், முகப்பு ரூட்டரிலிருந்து இரண்டாங்கட்டுக்கு கேட் 6 என்ற வகை நெட்வொர்க் வயர் ஒன்றை இழுத்து, மறுமுனையில் பழைய ரூட்டர் ஒன்றை வையுங்கள். இந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளுக்கும் பெரும்பாலும் போதும். பழைய ரூட்டரில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, முகப்பு ரூட்டரின் முகவரியோடு மோதாத வேறு முகவரியை அதற்குக் கொடுத்து, இரண்டு ரூட்டரிலும் லேன் (LAN) என்று எழுதியிருக்கும் துளைகளில் வயரைச் செருகி, அதே பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, சேனலை மட்டும் வேறாக்க வேண்டும். முன்னது 1 என்றால் பின்னது 11. கடையில் வயர் கேட்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் அதே நிறத்தில், பாதி விலையில் கிடைக்கும். மடக்கிய இடத்தில் சில மாதங்களில் முறியும்.

உங்கள் வீடு பங்காளிகளுக்குப் பொதுவா, உங்களுக்கு மட்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவென்றால் சுவரில் ஒரு துளை போடவும் நாலு நாட்டிலிருந்து நாலு பேர் சம்மதிக்க வேண்டும். அதற்குள் டேப்லெட் பழையதாகிவிடும். துளை போடாமலேயே முடியும். நிலைக்கு மேலே இருக்கும் காற்றுப் போக்கியின் கம்பி இடைவெளியில் வயர் நுழையும். வளவைச் சுற்றித் தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்பக்கமாக ஓட்டினால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. எலி கடிக்காமல் பிவிசி குழாயில் போடுங்கள். திறந்த முற்றத்தைக் குறுக்கே தாண்டி இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் ஒன்றாகப் போய்விடும்.

நாளைக்கு நாற்காலிச் சோதனையைச் செய்துவிட்டு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு ஆகிய மூன்று இடங்களின் எண்களையும், ரூட்டர் எந்தச் சேனலில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். மகன் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. டேப்லெட் இருப்பதா போவதா என்று அந்த எண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.